பீட்டா அலைகள்: கை அசையும்போது அவை அடங்குவது ஏன்?

மூளை அலைகளைப் பற்றி எங்கே தேடினாலும் ஒரு அட்டவணை கண்ணில் படும். ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா, அரைத் தூக்கத்தில் தீட்டா, கண்ணை மூடி ஓய்வாக இருந்தால் ஆல்ஃபா, விழிப்போடு வேலை செய்தால் பீட்டா, தீவிரமாக யோசித்தால் காமா. மனப்பாடம் செய்ய வசதியான அட்டவணைதான். ஆனால் பீட்டாவைப் பொறுத்தவரை அது நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. மூளை சுறுசுறுப்பாக இயங்கினால் பீட்டா கூடும் என்பது உண்மையானால், கையை அசைக்கும் நேரத்தில், கையை இயக்கும் மூளைப் பகுதியில் பீட்டா ஏற வேண்டும். நடப்பது நேர் எதிர். அசையப் போகும்போது அது இறங்குகிறது. கையை ஒரே நிலையில் பிடித்திருக்கும்போது தங்கியிருக்கிறது. அசைந்து முடித்ததும் முன்பு இருந்ததைவிட உயரமாக எழும்புகிறது.

இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். பார்க்கின்சன் நோயாளியின் உடல் ஏன் மெதுவாகிறது, ஏன் இறுகுகிறது என்பது வரை அதே நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

முதலில், அலை என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு தனி நரம்பணுவின் மின்மாற்றம் மிகச் சிறியது. மண்டையோட்டைத் தாண்டி அது வெளியே தெரியாது. பல லட்சம் நரம்பணுக்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் தலையின் மேல் ஒட்டிய மின்முனையில் ஏதாவது பதிவாகும். பெரிய அரங்கில் ஆளாளுக்குக் கைதட்டினால் வெளியே வெறும் இரைச்சல்தான் கேட்கும்; எல்லோரும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டால் அந்தத் தாளம் சுவரைத் தாண்டியும் கேட்கும். மூளை அலையும் இப்படித்தான். அலை பெரிதானால் வேலை கூடிவிட்டது என்று பொருளில்லை, நிறைய நரம்பணுக்கள் சேர்ந்து துடிக்கின்றன என்றுதான் பொருள். அலை சிறிதானால் வேலை நின்றுவிட்டது என்றும் பொருளில்லை. கூட்டம் கலைந்து ஒவ்வொன்றும் தன் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். இந்த வித்தியாசத்தை மறந்தால் பீட்டாவைப் பற்றிய எல்லாமே தலைகீழாகப் புரியும்.

நொடிக்கு ஏறத்தாழ 13 முதல் 30 முறை துடிக்கும் அலைகளைப் பீட்டா என்கிறார்கள், அதாவது 13 முதல் 30 ஹெர்ட்ஸ். எல்லைகள் கறாரானவை அல்ல; ஓர் ஆய்வில் 12 என்றும் இன்னொன்றில் 35 வரை என்றும் இருக்கும். ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929-இல் வெளியிட்டார். ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்கள் அவரிடமிருந்தே வருகின்றன. பெரிதாக, மெதுவாக வந்ததை ஆல்ஃபா என்றார்; சிறிதாக, வேகமாக வந்ததைப் பீட்டா என்றார். உண்மையிலேயே சிறிது: தலைமேல் பதிவாகும் பீட்டா பெரும்பாலும் 20 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. ஒரு சாதாரண பென்டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் எழுபத்தையாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்தத் தாளம் எப்படி உண்டாகிறது? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் ஒரு பங்கு நன்றாகத் தெரியும். மூளையில் சில நரம்பணுக்கள் பக்கத்தில் இருப்பவற்றைத் தூண்டும், சில அடக்கும். தூண்டல் ஏற ஏற அடக்குபவை விழித்துக்கொள்ளும். அவை அடக்கியதும் தூண்டல் தணியும். தணிந்ததும் அடக்குபவையும் ஓயும். மறுபடி தூண்டல் ஏறும். இந்தச் சுற்றுக்கு ஆகும் நேரமே தாளத்தின் வேகம். அடக்கும் வேலையைச் செய்யும் முக்கிய வேதிப்பொருள் காபா. டயசிபாம் போன்ற மாத்திரைகள் காபாவின் வேலையைக் கூட்டுகின்றன, அவற்றைச் சாப்பிட்டவர்களின் பதிவில் பீட்டா தெளிவாகப் பெரிதாகிறது. கவனியுங்கள், இவை பதற்றத்தைத் தணிக்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள். பீட்டா என்றால் சுறுசுறுப்பு என்ற அட்டவணை இங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஒரு விரல், சில நொடிகள்

சரி, வலது கையை மேசைமேல் வையுங்கள். தளர்வாக இருக்கட்டும். நீங்களாக நினைத்த நேரத்தில் ஆள்காட்டி விரலை ஒருமுறை தூக்கி இறக்குங்கள். தலையில் மின்முனைகள் இருந்தால், வலது கையை இயக்கும் இடப்பக்க இயக்கப் பகுதியின் மேல் என்ன தெரியும்?

விரல் அசைவதற்கு ஒரு நொடிக்கும் முன்பே பீட்டா இறங்கத் தொடங்கிவிடும். அசைவு தொடங்கும் நேரத்தில் வலப்பக்கமும் சேர்ந்துகொள்ளும். விரல் நகரும் வரை அலை தாழ்ந்தே கிடக்கும். விரல் நின்றதும், அரை நொடியிலிருந்து ஒரு நொடிக்குள், அது சட்டென்று மேலே எழும். ஓய்வில் இருந்த அளவையும் தாண்டிப் போய், சிறிது நேரம் அங்கே நின்று, மெல்லப் பழைய இடத்துக்கு வரும். அசைவுக்குப் பின்வரும் இந்த எழுச்சிக்குப் பீட்டா மீள்எழுச்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெரியவர்களிடம் இது நன்றாகத் தெரியும். குழந்தைகளிடம் சிறிதாக இருக்கிறது, வயதோடு வளர்கிறது.

இறங்குவது புதிய கண்டுபிடிப்பு இல்லை. கனடாவின் மாண்ட்ரியலில் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் வைல்டர் பென்ஃபீல்டும் வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையின்போது, விழித்திருந்த நோயாளிகளின் மூளை மேற்பரப்பிலேயே மின்முனை வைத்துப் பார்த்து, கையை அசைக்கும்போது இயக்கப் பகுதியின் பீட்டா மறைவதை 1949-இல் எழுதிவிட்டார்கள். 1970-களின் இறுதியிலிருந்து ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லரின் குழு இதை வெளிப்பதிவிலேயே அளக்கும் முறைகளை வளர்த்தது.

அசைவதாக நினைத்தாலே போதும், பீட்டா இறங்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த உண்மை இதுதான், ஏனென்றால் இதை உடனே ஒரு மனிதரின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்தது. முதுகுத்தண்டு அடிபட்டுக் கைகால் செயலிழந்த ஒருவர், தன் காலை அசைப்பதாகக் கற்பனை செய்தபோது அவருடைய மூளையில், வழக்கமான இறக்கத்துக்கு மாறாக, எழுந்த பீட்டா துடிப்புகளைக் கணினி கண்டுபிடித்தது. உடனே கைத் தசைகளுக்கு மின்தூண்டல் அனுப்பியது. விரல்கள் மூடின, அவரால் ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடிக்க முடிந்தது. 2003-இல் கிராஸ் குழு இதை வெளியிட்டது.

அசையாமல் இருப்பதும் ஒரு வேலை

இப்போது விரலைத் தூக்கி அப்படியே பிடித்திருங்கள், அல்லது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக ஒரு பொருளைச் சீராக அழுத்திப் பிடியுங்கள். பீட்டா திரும்பி வரும். அது மட்டுமில்லை, கையின் தசையில் மின்முனை ஒட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே வேகத்தில் ஒரு துடிப்பு இருக்கும். மூளையின் துடிப்பும் தசையின் துடிப்பும் ஒன்றுக்கொன்று இசைந்து போகும். 1990-களில் காந்தப்புலப் பதிவுக் கருவியால் இதைக் காட்டினார்கள். கையை நகர்த்தத் தொடங்கினால் இந்த இசைவு கலைந்துவிடும்.

2005-இல் லண்டனில் பீட்டர் பிரவுனின் குழு செய்த ஒரு சோதனை இதை இன்னும் கூர்மையாக்கியது. ஒருவர் கையை லேசாக ஒரு நிலையில் பிடித்திருப்பார். பீட்டா தானாகவே ஒரு கணம் உயரும்போது கணினி 'அசை' என்று சமிக்ஞை தரும். அந்தக் கணத்தில் தொடங்கிய அசைவுகள் மற்ற நேரத்தில் தொடங்கியவற்றைவிட மந்தமாக இருந்தன. ஆனால் கையை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தால், தன் நிலையைக் காத்துக்கொள்ளும் எதிர்வினை அந்தக் கணத்தில் வலுவாக இருந்தது. 2009-இல் அதே குழு மறுபக்கமிருந்து வந்தது: ஆரோக்கியமானவர்களின் தலைக்கு வெளியிலிருந்து 20 ஹெர்ட்ஸ் மென்மின்னோட்டம் கொடுத்தார்கள். அசைவின் வேகம் குறைந்தது.

மூளை ஆய்வாளர்கள் ஆந்த்ரேயாஸ் எங்கெல், பாஸ்கல் ஃப்ரீஸ் இருவரும் 2010-இல் இதையெல்லாம் ஒரே கருத்தாகக் கட்டினார்கள். இப்போது இருக்கும் நிலை, அது உடலின் நிலையோ மனத்தின் நிலையோ, தொடர வேண்டும் என்று மூளை எடுத்துக்கொள்ளும்போது பீட்டா ஓங்குகிறது. மாற்றம் வரும்போது தாழ்கிறது. எல்லாத் தரவுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக வருகிறவர் கையில் எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல பிடி இல்லை.

மீள்எழுச்சிக்கும் இதில் இடமுண்டு. குறி வைத்துக் கையை நகர்த்தச் சொல்லி, குறி தவறும்படி செய்தால், அந்த அசைவுக்குப் பின்வரும் எழுச்சி சிறிதாகிறது. நினைத்தபடி நடந்தால் பெரிதாக இருக்கிறது. செய்தது சரி, இதையே வைத்துக்கொள்ளலாம் என்று மூளை எடுத்துக்கொள்வதன் அடையாளம் இது என்று பலர் கருதுகிறார்கள்.

படத்தில் மேடு, உண்மையில் வெடிப்பு

இதுவரை 'ஏறுகிறது', 'இறங்குகிறது' என்று ஏதோ மெதுவான மேடுபள்ளம் போலப் பேசிவிட்டேன். கட்டுரைகளில் வரும் வரைபடங்களும் அப்படித்தான் இருக்கும். அந்த வழவழப்பு சராசரி எடுத்ததால் வருவது.

ஒரே ஒரு முயற்சியின் பதிவை எடுத்துப் பாருங்கள். பீட்டா தொடர்ந்து ஓடாது. ஒரு குட்டி வெடிப்பு, சில சுழற்சிகள் மட்டுமே, பெரும்பாலும் 150 மில்லிநொடி அளவுக்கு, பிறகு அமைதி, எங்கோ இன்னொரு வெடிப்பு. அடுத்த முயற்சியில் அதே வெடிப்பு வேறு நேரத்தில் வரும். இப்படி நூறு முயற்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் அழகான மேடு கிடைக்கும். ஆனால் எந்த ஒரு முயற்சியிலும் அந்த மேடு இருந்ததே இல்லை. அசைவதற்கு முன் பீட்டா 'இறங்குகிறது' என்பதன் உண்மையான பொருள், வெடிப்புகள் வரும் வாய்ப்பு குறைகிறது என்பதுதான். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த பெரிய மாற்றம் இதுவே.

இது வெறும் கணக்குத் தகராறு இல்லை. விரல் நுனியில், உணர முடிந்தும் முடியாமலும் இருக்கும் அளவுக்கு மெலிதாகத் தட்டி, 'தெரிந்ததா?' என்று கேட்கும் சோதனை ஒன்று உண்டு. தட்டுவதற்குச் சற்று முன்னால் தொடு உணர்வுப் பகுதியில் ஒரு பீட்டா வெடிப்பு வந்திருந்தால், அந்தத் தட்டல் தவறிப் போகும் வாய்ப்பு கூடுகிறது. 2017-இல் மனிதர்களிடமும் எலிகளிடமும் இதைக் காட்டினார்கள். ஒரு முயற்சியின் முடிவை ஒரு வெடிப்பு மாற்ற முடியும் என்றால், சராசரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது.

சிந்தனையில் பீட்டா

தொலைபேசி எண்ணைக் கேட்டு, அழுத்தி முடிக்கும் வரை மனத்தில் வைத்திருக்கிறோமே, அதைச் செயல் நினைவு என்பார்கள். குரங்குகளின் முன்மூளையில் மின்முனை வைத்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிகாயெல் லுண்ட்க்விஸ்ட், ஏர்ல் மில்லர் குழு 2016-இல் பார்த்தது இது: புதிய தகவல் உள்ளே வரும்போதும், அதை எடுத்துப் பயன்படுத்தும்போதும் வேகமான காமா வெடிப்புகள் கூடுகின்றன, பீட்டா குறைகிறது. இடைப்பட்ட காத்திருப்பில் பீட்டா திரும்பி வருகிறது. கையில் பார்த்த அதே ஒழுங்கு. மாற்றத்துக்குக் கதவு திறக்கும்போது பீட்டா விலகுகிறது.

தொடங்கிய செயலை நிறுத்துவதும் இப்படித்தான் ஆராயப்படுகிறது. திரையில் அடையாளம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், ஆனால் சில சமயம் உடனே 'நிறுத்து' என்ற அடையாளமும் வரும். நிறுத்துவதில் வென்ற முயற்சிகளில், தோற்றவற்றைவிட, வலப்பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதியில் பீட்டா அதிகம் எழுந்தது. இது 2009-இல் வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம் பதிவானது. ஆனாலும், வெடிப்புகளாகப் பிரித்துப் பார்த்தால் வெற்றிகரமாக நிறுத்திய எல்லா முயற்சிகளிலும் வெடிப்பு தென்படுவதில்லை. அப்படியானால் நிறுத்துவது பீட்டாவா, அல்லது நிறுத்தும்போது சில சமயம் கூட வருவதா? இந்த விவாதம் இன்னும் நடக்கிறது.

பார்க்கின்சன் நோயில்

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோயில், நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழிகின்றன. பலரும் நடுக்கத்தைத்தான் நினைப்பார்கள். நோயாளியை அதிகம் வாட்டுவது பெரும்பாலும் வேறு: அசைவு தொடங்க நேரமாகிறது, தொடங்கினாலும் சிறுத்துப் போகிறது, கைகால் விறைத்திருக்கிறது. நாற்காலியிலிருந்து எழ வேண்டும் என்று நினைத்தும் எழ முடியாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வலு இருக்கிறது, மனமும் இருக்கிறது, உடல் நகர மறுக்கிறது.

மூளையின் அடியில், அசைவுகளைத் தொடங்கவும் அடக்கவும் உதவும் அடித்தள நரம்புமுடிச்சுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று சப்தலாமிக் நியூக்ளியஸ், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள சிறு முடிச்சு. மருந்து மட்டும் போதாத நோயாளிகளுக்கு இங்கே மெல்லிய மின்கம்பி இறக்கி, பெரும்பாலும் 130 ஹெர்ட்ஸ் அளவில் தொடர் மின்தூண்டல் தருவது ஆழ்மூளைத் தூண்டல். கம்பியைப் பொருத்திவிட்டு, நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் கருவியைச் சில நாள் கழித்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தச் சில நாட்களில் கம்பியின் முனை வெளியே இருக்கும். அதன் வழியே மூளைக்குள் நடப்பதைக் கேட்க முடியும்.

பீட்டர் பிரவுனும் சக ஆய்வாளர்களும் 2001-இல் கேட்டார்கள். மருந்து நிறுத்தியிருந்தபோது, நோயாளி இறுகிப்போய் இருக்கையில், பீட்டா வலுவாக ஓங்கி இருந்தது. லெவோடோபா என்ற மருந்தைக் கொடுத்து உடல் இளகியதும் பீட்டா தணிந்தது, 70 ஹெர்ட்ஸ் அளவில் வேறொரு வேகமான தாளம் எழுந்தது. பின்வந்த ஆய்வுகள் ஒன்றைச் சேர்த்தன: மருந்தால் பீட்டா எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு மந்தமும் விறைப்பும் குறைகின்றன. நடுக்கம் மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை. அது வேறு தாளத்தின் வேலை.

இப்போது பழைய நூலைப் பிடியுங்கள். பீட்டா என்பது இருக்கும் நிலையைத் தொடரும் தாளம் என்றால், அது அளவுக்கு மீறித் தங்கிவிட்டால் என்ன ஆகும்? உடல் இருக்கும் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். விறைப்பும் மந்தமும் அதுதான்.

வெடிப்புக் கணக்கு இங்கே மருத்துவமாகவே மாறுகிறது. பார்க்கின்சன் நோயிலும் பீட்டா இடைவிடாமல் ஓடுவதில்லை, வெடிப்புகளாகத்தான் வருகிறது. குறுகிய வெடிப்புகளால் பெரிய தொல்லையில்லை. நீண்ட வெடிப்புகள் கூடுகிறவர்களுக்கு அறிகுறிகள் மோசமாக இருக்கின்றன. அப்படியானால் நாள் முழுக்கத் தூண்டுவானேன், வெடிப்பு நீளும்போது மட்டும் தூண்டினால் என்ன? 2013-இல் சைமன் லிட்டில், பிரவுன் குழு எட்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தது. பீட்டா வரம்பைத் தாண்டும்போது மட்டும் தந்த தூண்டல், தொடர் தூண்டலைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதைவிட நல்ல பலன் தந்தது. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, சோதனை நேரமும் குறைவு. ஆனால் வழி திறந்துவிட்டது. 2025-இன் தொடக்கத்தில், நோயாளியின் சொந்த மூளை அலையைக் கேட்டுத் தன்னைத்தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இத்தகைய தூண்டலுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை அவசியம். பீட்டா நோயின் காரணமா, விளைவா? விலங்குகளில் டோபமைனைத் திடீரென்று தடுத்தால் அசைவு உடனே பாதிக்கப்படுகிறது. மிகையான பீட்டாவோ டோபமைன் நாட்பட இல்லாமல் போனால்தான் வளர்கிறது. அதாவது மந்தத்துக்குப் பீட்டா மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இருந்தும், தூண்டலை எப்போது கூட்டலாம் என்று சொல்லும் அளவுகோலாக அது பயன்படுகிறது.

மற்ற நோய்களைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாதம் வந்தவர்களிடமும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடமும் மீள்எழுச்சி சிறிதாக இருப்பதாகப் பதிவுகள் உண்டு. தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களின் தூக்கத்தில் பீட்டா வழக்கத்தைவிட அதிகமாகக் காணப்படுகிறது. தசை முறுக்கு நோயான டிஸ்டோனியாவில் கதை வேறு. அங்கே அடித்தள முடிச்சுகளில் ஓங்குவது 4 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான அலைகள். கவனக்குறைவு-மிகைச்செயல்பாட்டுக் கோளாறில் தீட்டாவுக்கும் பீட்டாவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து நோயைக் கண்டறியலாம் என்ற எண்ணம் பரவி, 2013-இல் அமெரிக்காவில் அதற்கென ஒரு கருவிக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அமெரிக்க நரம்பியல் அகாதமி 2016-இல், மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்குப் பதிலாக அந்த விகிதத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அகாதமி சொன்னதே சரி என்பது என் எண்ணம். ஒரு குழந்தையின் நிலையை ஒற்றை விகிதம் தீர்மானிக்கக் கூடாது.

கடைசியாக, நடைமுறைக்கு இரண்டு. நெற்றிப் பட்டையில் பொருத்தி 'உங்கள் பீட்டா கூடியிருக்கிறது, கவனம் நன்று' என்று காட்டும் கருவிகள் விற்கின்றன. நெற்றித் தசையும் தாடைத் தசையும் இறுகினால் வரும் மின்சாரம் பீட்டாவின் வேகத்திலும் அதற்கு மேலும் பரவிக் கிடக்கிறது, மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. பல்லைக் கடித்தாலே 'கவனம்' ஏறிவிடலாம். அப்புறம், மருத்துவமனையில் எடுத்த ஈஈஜி (மூளை மின்னலைப் பதிவு) அறிக்கையில் 'பீட்டா அதிகம்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதற்கு மிகச் சாதாரணமான காரணம், தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ வலிப்புக்கோ சாப்பிடும் டயசிபாம் வகை மாத்திரை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், அதையும் வைத்துத்தான் அவர் அந்த வரியைப் படிக்க வேண்டும். அறிக்கையில் அப்படி இருக்கிறது என்பதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; இவ்வகை மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும்.